இருபத்து நான்காவது லாக்

1. லாரியில் வந்தது

முப்பத்தொரு வருஷம் பஸ் டெப்போவில் டீசல் இன்ஜின் பிரித்துக் கோர்த்துவிட்டு, ரிட்டயர் ஆன மறு மாதம் அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு தகர ஷெட் பிடித்தேன். டிராக்டர், வேன், நெல் அறுக்கிற மிஷின் என்று வேலைக்குக் குறைவில்லை. அப்படி இருக்கும்போது ஒரு காலையில் டாக்டரம்மா வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். ஒட்ட வெட்டிய தலைமுடி. இடது கையைப் பேன்ட் பாக்கெட்டிலேயே வைத்திருந்தார்.

"டெப்போ சேகர் நீங்கதானா?"

"ஆமாங்க."

"ஒரு கார் இருக்கு. ஓடாது. ஓட வைக்கணும்."

"என்ன காருங்க?"

"லாரி வெளிய நிக்குது. பாத்துட்டுச் சொல்லுங்க."

தார்ப்பாயை விலக்கினேன். இங்கிலாந்தில் செய்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். மேல்கூரை கிடையாது. காரில் முக்கால் பங்கு பானெட்தான். அதன் பெயரைச் சொன்னால் கார் பைத்தியங்கள் விலாசம் கேட்டு வருவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். பானெட்டுக்குள் ஒன்றுமே இல்லை. இன்ஜின் தனியாக ஒரு மரப்பெட்டியில் இருந்தது. மற்றதெல்லாம் பதினான்கு அட்டைப் பெட்டிகளில்.

மரப்பெட்டியைத் திறந்து பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வரிசையாக ஆறு சிலிண்டர். உச்சியில், வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்ட் இரண்டு. நான் வேலை செய்த பஸ் இன்ஜின்களில் கேம் ஷாஃப்ட் கீழே கிடக்கும். நீளக் கம்பிகள்தான் வால்வை ஏறித் தள்ளும். இதில் கேம் நேராக வால்வின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் கம்பியும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே யாரோ இப்படி யோசித்து, வார்த்து, கடைந்து, மூடிக்குப் பாலிஷும் போட்டு வைத்திருக்கிறார்கள். அழுக்குக் கையோடு அதைத் தொட எனக்குக் கூச்சமாக இருந்தது.

"எனக்கு இது தெரியாதுங்க" என்றேன்.

"எனக்குத் தெரியும். இதைப் பிரிச்சதே நான்தான். கை மட்டும் இப்ப இல்ல. உங்களுக்குக் கை இருக்கு" என்றார்.

அவர் மயக்க மருந்து டாக்டர். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தவர். முப்பது வயதில் இந்தக் காரை வாங்கி, ஆஸ்பத்திரிக்கே இதில்தான் போய் வந்திருக்கிறார். ரிட்டயர் ஆனதும் மறுபடி கோர்க்கலாம் என்று தானே பிரித்து வைத்தார். அதற்குள் கழுத்து எலும்பு தேய்ந்து நரம்பை அழுத்த ஆரம்பித்துவிட்டது. இடது கை விரல்களில் பிடிமானம் போய்விட்டது. ஆசிரமத்துப் பக்கம் வீடு எடுத்துத் தங்கியவர், ஊரெல்லாம் விசாரித்து என்னிடம் வந்திருந்தார்.

2. சாதிக் பாய் செய்யாத வேலை

பாடி வேலைக்கு சாதிக் பாயைக் கூப்பிட்டேன். லாரி கேபின், வேன் கதவு என்று எதை நசுக்கிக் கொண்டுபோனாலும் நிமிர்த்தித் தருகிற டிங்கர். காரின் உடம்பு முழுக்க அலுமினியம் என்றதும் முதலில் தயங்கினார். பிறகு தோல் பையில் மணல் அடைத்து, மரச் சுத்தி செய்துகொண்டு வந்தார்.

பழைய பெயின்ட்டை எடுக்கவே மூன்று வாரம் ஆயிற்று. சிவப்பு, அதற்கடியில் கறுப்பு, அதற்கும் அடியில் பச்சை. எல்லாம் போய் வெறும் உலோகம் தெரிந்த அன்று, முன் சக்கரத்துக்கு மேலிருக்கும் மட்கார்டுகள் இரண்டையும் டேப் வைத்து அளந்தேன். இடது பக்கத்தைவிட வலது பக்கம் ஒரு விரற்கடை அகலம் ஜாஸ்தி. எங்கேயோ இடித்து யாரோ சரியாக நிமிர்த்தாமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"பாய், ரெண்டையும் ஒண்ணாக்கிடுங்க" என்றேன்.

அவர் வலது மட்கார்டுக்குக் கீழே படுத்தார். டார்ச் அடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்பக்கம் முழுக்க உள்ளங்கையால் தடவினார்.

"அண்ணே, இங்க வந்து கைய வெச்சுப் பாருங்க."

வைத்தேன். மீன் செதில் மாதிரி, சுத்தியால் தட்டிய சின்னச் சின்னத் தடங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, விளிம்பு வரைக்கும் ஒரே சீராக ஓடின.

"இது இடிச்சதும் இல்ல, நிமித்துனதும் இல்ல. மிஷின்ல அமுக்குனா ரெண்டும் ஒண்ணா வரும். இது ஒரு ஆள் நின்னு கையால அடிச்சது. எத்தன ஆயிரம் தட்டு பாருங்க. ஒரு தட்டு கூட ஓங்கி விழல. வெளிய இருந்து பாத்தா கண்ணாடி."

"அதுக்கு, அளவு சரியில்லையே பாய்?"

"அந்த ஆளு கண்ணுக்கு அது சரியா இருந்திருக்குது. அதைச் சரி பண்ண நான் யாரு?"

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா சிரித்தார். "முப்பது வருஷத்துக்கு மேல வெச்சிருக்கேன். எனக்கே இது தெரியாது பாய்."

அந்த விரற்கடை இன்றும் அப்படியே இருக்கிறது. சாதிக் பாய் நசுங்கிய இடங்களை மட்டும் எடுத்தார். பள்ளத்தை மறைக்கப் பூசுகிற பட்டி ஒரு பொட்டுகூட வைக்கவில்லை. அவர் அடித்த இடத்தையும் பழைய ஆள் அடித்த இடத்தையும் கையால் தடவினால் வித்தியாசம் தெரியாது. அதை நான் சொன்னபோது மனிதர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

3. வெள்ளைப் பலகை

டாக்டரம்மாவுக்கு ஒரு பழக்கம். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டச் சொன்னார். பெட்டியிலிருந்து எது வெளியே வந்தாலும் அதில் ஏறும். எது இன்ஜினுக்குள் போனாலும் அதில் கழியும். போல்ட், வாஷர், இடைவெளிக்கு வைக்கிற ஷிம் தகடு எல்லாவற்றுக்கும் கணக்கு.

"ஆபரேஷன்ல இப்படித்தாங்களா?" என்று கேட்டேன்.

"தைக்கறதுக்கு முன்னாடி எண்ணணும். பஞ்சு, துணி, ஊசி எல்லாம். கம்மியா இருந்தா தைக்கக் கூடாது. யார் அவசரப்பட்டாலும் சரி."

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல்தான். டெப்போவில் காலையில் பிரித்த இன்ஜின் மறுநாள் விடியலில் ரூட்டில் போயாக வேண்டும். அங்கே யார் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்கள்?

எட்டு மாதத்தில் இன்ஜின் தயாரானது. அந்தச் சமயத்தில்தான் அவருக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். சனிக்கிழமை சென்னையில் அட்மிஷன். கழுத்தில் கத்தி வைக்கிற வேலை. கை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று சொல்லிவிட்டார்களாம். இப்போது இருக்கிற கையோடு ஒரே ஒரு தடவை மலையைச் சுற்றி ஓட்டிவிட்டுப் போகவேண்டும் என்பது அவர் ஆசை. கியர் கம்பியை உள்ளங்கையால் தள்ளி எப்படியோ போட்டுவிடுவேன் என்றார். வெள்ளிக்கிழமை காலை ஓட்டுவது என்று முடிவு செய்தோம்.

வியாழக்கிழமை காலை இன்ஜின் காருக்குள் இருந்தது. மூன்று கார்ப்பரேட்டரும் மாட்டியாயிற்று. பேட்டரி ஒயரைக் கையில் எடுத்தேன்.

"இருங்க. எண்ணிடலாம்" என்றார்.

எல்லாம் சரியாக வந்தது. கடைசியில் ஒரு தகர டப்பா. அதில் பழைய வால்வ் லாக்குகள். வால்வ் லாக் என்பது நகத்தளவு இரும்புத் துண்டு. வால்வின் கழுத்தை இரண்டிரண்டாகக் கவ்விப் பிடிக்கும். பன்னிரண்டு வால்வுக்கு இருபத்து நான்கு. புது செட் வரவழைத்து மாட்டியிருந்ததால் பழையது இருபத்து நான்கும் டப்பாவில் இருக்க வேண்டும்.

இருபத்து மூன்று இருந்தது.

எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை பெஞ்சில் வைத்து லாக் மாட்டும்போது ஸ்பிரிங் நழுவி ஒரு புது லாக் தெறித்தது. கீழே எங்கேயோ விழுந்திருக்கும் என்று, பழைய டப்பாவிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்துப் போட்டு வேலையை முடித்தேன். அன்று டாக்டரம்மா ஸ்கேன் எடுக்கப் போயிருந்தார். அதை அவரிடம் சொன்னேன்.

"தெறிச்சப்போ போர்ட்டெல்லாம் துணி வெச்சு அடைச்சிருந்தீங்களா?"

போர்ட் என்பது ஹெட்டுக்குள் காற்று போகிற வழி. அடைக்காமல் விட்டால் சின்ன சாமான் எதுவும் உள்ளே போய்விடும்.

"அடைச்சிருந்தேங்க" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. முப்பத்தொரு வருஷம் சூப்பர்வைசர் கேட்ட கேள்விக்கெல்லாம் முதலில் வந்த பதில் அதுதான்.

"அப்ப தரையிலதான் இருக்கும். தேடலாம்" என்றார்.

ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி ஷெட் முழுக்க இழுத்தேன். சாதிக் பாய் பெஞ்சை நகர்த்திக் கூட்டினார். ஆணி வந்தது, இரும்புத் தூள் வந்தது, என்றைக்கோ தொலைந்த ஸ்க்ரூ கூட வந்தது. லாக் மட்டும் வரவில்லை. மதியம் ஆகிவிட்டது.

"எட்டு மாசமா எத்தன தடவ கூட்டியிருக்கோம். குப்பையோட போயிருக்கும்" என்றார் பாய்.

டாக்டரம்மா காரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "இருக்கலாம். துணி வெச்சிருந்தாருல்ல" என்றார். என்னை நம்பி அவர் அப்படிச் சொன்னதுதான் தாங்கவில்லை. ஸ்டார்ட் பண்ணச் சொல்ல வாயெடுக்கிறார் என்று தெரிந்தது. லாக் உள்ளே இருந்தால், முதல் சுற்றிலேயே காற்றோடு சிலிண்டருக்குள் போகும். பிஸ்டன் உடையும், வால்வ் வளையும், ஹெட் போய்விடும். உலகத்தில் வேறு எங்கே போய் அந்த ஹெட்டைத் தேடுவது?

பேட்டரி ஒயரைக் கீழே வைத்தேன்.

"டாக்டரம்மா, துணி வெக்கல."

சாதிக் பாய் கூட்டுவதை நிறுத்தினார்.

"வெச்சேன்னு சொன்னது பொய்ங்க. துணி பக்கத்துலதான் இருந்துச்சு. ஒரு நிமிஷ வேலைதானேன்னு விட்டுட்டேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஸ்டூலை வலது கையால் கார் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "சரி. எங்க தேடணும்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. கழட்டுங்க" என்றார்.

"கழட்டினா திரும்ப மாட்ட மூணு நாள் ஆகுமுங்க. கேஸ்கெட் புதுசா வெட்டணும், தண்ணி இறக்கணும். நாளைக்கு முடியாது. நீங்க சனிக்கிழமை..."

"நான் என்னைக்குப் போறேன்னு இன்ஜினுக்குத் தெரியாது சேகர்."

கார்ப்பரேட்டர் மூன்றையும் கழற்றினேன். அவற்றை ஹெட்டோடு இணைக்கிற மேனிஃபோல்டைக் கழற்றினேன். கம்பியின் நுனியில் காந்தம் வைத்து ஒவ்வொரு போர்ட்டாக விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு சுத்தம். ஐந்தாவதில் வளைவு தாண்டி விட்டபோது விரலில் ஒரு சின்ன அதிர்வு. வெளியே இழுத்தேன். வால்வின் முதுகில் படுத்துக்கிடந்த லாக், புது மினுமினுப்போடு வந்தது.

டாக்டரம்மா அதை வலது உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ப் பலகையில் 23 என்பதை அழித்துவிட்டு 24 என்று எழுதினார். சனிக்கிழமை காலை ஒரு வாடகைக் காரில் சென்னைக்குப் போனார்.

4. நம்பர் சொன்னவர்

நான் மாட்டியிருந்த பழைய லாக்கை மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்து, அதுவும் சரியாகவே இருக்க, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். ஸ்டார்ட் செய்யவில்லை. அவரில்லாமல் செய்ய மனம் வரவில்லை.

இரண்டரை மாதம் கழித்து, கழுத்தில் பட்டையோடு வந்தார். இடது கை பாதிதான் திரும்பியிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம், எதையும் அழுத்தி இழுக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பட்டை கழன்று, ஓட்டலாம் என்று அவர்கள் சொல்ல இன்னும் ஒரு மாதம் ஆனது.

அன்று அவர்தான் பட்டனை அழுத்தினார். இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை ஆறு சிலிண்டரும் சேர்ந்து பிடித்தன. நான் வாழ்நாளெல்லாம் டீசல் சத்தம் கேட்டவன். அதில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழும். இது அப்படி இல்லை. கனமான பட்டுத் துணியை ஒரே இழுப்பில் கிழிப்பது போல இருந்தது. சாதிக் பாய் மட்கார்டின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

கியர்தான் விழவில்லை. முதல் கியருக்குக் கம்பியை இடது பக்கம் அணைத்துத் தள்ள வேண்டும். அவர் விரல்களால் முடியவில்லை. மூன்று தடவை முயன்றார். பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு, முன்கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். 

"சேகர், அந்தப் பக்கம் ஏறுங்க."

"நான் ஓட்டட்டுங்களா?"

"இல்ல. ஸ்டியரிங், கிளட்ச், பிரேக் என்னுது. கியர் உங்களுது. நான் நம்பர் சொல்றேன்."

ஷெட்டுக்குப் பின்னால் பிளாட் போட்டு, வீடு வராத மனைகள் இருந்தன. அந்தக் காலித் தார் ரோட்டில் பத்து நாள் பழகினோம். முதலில் கியர் பற்களெல்லாம் அலறின. அவர் "ரெண்டு" என்பார். அவர் கால் இறங்குவதற்குள் என் கை அவசரப்படும். "டெப்போவை மறங்க. என் காலப் பாருங்க" என்பார். பார்க்கப் பழகினேன்.

பிறகு பௌர்ணமி இல்லாத ஒரு நாள், விடிந்ததும் கிரிவலப் பாதையில் இறங்கினோம். மலை அவர் பக்கம். ரோட்டில் நாலைந்து பேர் நடந்துகொண்டிருந்தார்கள். செங்கம் ரோட்டிலிருந்து பிரியும்வரைக்கும் "ரெண்டு", "மூணு", "மறுபடி ரெண்டு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அடி அண்ணாமலையை நெருங்கும்போதுதான் கவனித்தேன், அவர் நம்பர் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டார். கிளட்ச் இறங்கியது, என் கை போனது, கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. சொன்னது யார், செய்தது யார் என்று பிரிக்க முடியாமல் அந்தக் கார் போய்க்கொண்டிருந்தது.  அத்தனை வருஷம் இன்ஜின்களோடு இருந்தும், ஒரு வண்டி இப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார்கள். போல்ட்டை முறுக்குகிற டார்க் எவ்வளவு, டைமிங் எவ்வளவு என்பதெல்லாம் இப்போது போனிலேயே கிடைக்கிறது. நான் சொல்வது ஒன்றுதான். துணி வைக்கவில்லை என்றால், கேட்டவுடனே வைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொல்ல எனக்கு அரை நாள் ஆனது. முப்பத்தொரு வருஷமும் அரை நாளும் ஆனது என்றும் சொல்லலாம்.