ஊற்றுத் தண்ணீர் குடித்த கொல்லை

நுனி வாடிய கத்தரிக் கொழுந்தைக் கண்டால் கண்ணாத்தாளின் கை சும்மா இருக்காது. ஒடித்து, தண்டைப் பிளந்து, உள்ளே நெளியும் புழுவைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்குவாள். நகத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போவாள். வாய் அதன் பாட்டுக்குத் திட்டிக்கொண்டிருக்கும். "தின்னு, நல்லா தின்னு. ஒங்கப்பன் வெச்ச தோட்டம் பாரு." செடியையும் விடமாட்டாள். "நீ எதுக்குடி தலையக் குடுத்த, வெக்கங்கெட்டவளே?"

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. புருஷன் போய்ப் பல வருஷம். நடவும் அறுப்பும்தான் பிழைப்பு. முழங்காலை மடக்காமல் இடுப்பை மட்டும் மடித்து நாள் முழுக்க நாற்று ஊன்றுவாள். சேற்றுப்புண் ஆறி ஆறி விரலிடுக்குத் தோல் தோலாகவே இல்லை. ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்தால் வாங்கி வந்து கன்றுக்குட்டியின் கழுத்துப் புண்ணுக்குத் தடவுவாள். சாப்பிடுவது எப்போதும் நின்றுகொண்டுதான். உட்கார்ந்தால் யாராவது வேலைக்குக் கூப்பிட்டு எழுப்பிவிடுவார்களாம்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது அவளுடைய தெரு. குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று அரசாங்கம் சட்டம் போட்டு அவள் கையிலும் ஒரு பட்டாவைக் கொடுத்தது. அதற்கு முன்னால் கூரைமேல் காய்த்த பரங்கியைக்கூட மிராசுதாரின் காரியக்காரர் வந்து இறக்கிக்கொண்டு போவார். பட்டா வந்த மறுவாரமே கண்ணாத்தாள் குடிசைக்குப் பின்னால் கருவமுள் வேலி போட்டாள். கத்தரி, வெண்டை, ஒரு பந்தல் புடலை, இரண்டு வாழை. அந்தக் கொல்லையை யாராவது புகழ்ந்தால் அவளுக்குப் பிடிக்காது. புகழாமல் போனால் அதைவிடப் பிடிக்காது.

தை மாதம் அறுப்புக் கூலியை உயர்த்தக் கேட்டுத் தெரு மொத்தமும் அரிவாளைக் கீழே வைத்தது. அடுத்த வீட்டுத் தங்கையன் மட்டும் விடியுமுன் எழுந்து போய் மிராசு வயலில் வெளியூர் ஆட்களோடு அறுத்தான். அவனுடைய தாய் படுத்த படுக்கை. கஞ்சிக்கு அரிசி இல்லை. அது தெருவுக்கே தெரியும், கண்ணாத்தாளுக்கும் தெரியும். தெரிந்துதான் அவன் வாசலில் நின்று, ஊர் கேட்கச் சொன்னாள்.

"இந்த வூட்டுக்கு இனிமே நெருப்பும் கெடையாது, தண்ணியும் கெடையாது. எவ குடுக்கறாளோ, எவ வாங்கறாளோ, அவளுக்கும் இதே கட்டுதான்!"

விவசாயக் கூலிகள் சங்கத்துத் தலைவன் அரசப்பனே அத்தனை தூரம் போகவில்லை. "அக்கா சொன்னா சரிதான்" என்றான். அன்றிலிருந்து தங்கையன் மனைவி ராமாயி தெருமுனை அடிபம்பின் பக்கமே வரவில்லை.

மாசியில் வயலில் கொடி நட்டு மறித்ததற்காகக் கண்ணாத்தாளைப் போலீஸ் லாரியில் ஏற்றினார்கள். "கொல்லைய நாங்க பாத்துக்கறோம்க்கா!" என்று அரசப்பன் லாரியின் பின்னாலேயே ஓடிவந்து சொன்னான்.

சித்திரை பிறந்ததும் திருச்சி ஜெயிலிலிருந்து விட்டார்கள். நீடாமங்கலம் ரயில் ஸ்டேஷனில் மாலை போட்டு, தப்பு மேளம் அடித்து அழைத்துவந்தார்கள். ஜெயில் எப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். "குனிஞ்சு நட வேணாம், வேளைக்குச் சோறு. இடுப்பு வலியே வுட்டுப்போச்சு. இன்னும் ஒரு மாசம் போட்டிருக்கலாம்."

மாலையைக் கழற்றாமலே கொல்லைக்குப் போனாள். ஆற்றில் தண்ணீர் வரத்து நின்று வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்திருந்த நாள். கருகிக் கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். கத்தரி பூவும் பிஞ்சுமாக நின்றது. புடலையின் நுனியில் யாரோ கல் கட்டி நேராகத் தொங்கவிட்டிருந்தார்கள். பழக்கத்தில் கை வாடிய கொழுந்தைத் தேடியது. ஒன்றுகூட இல்லை. மண் ஈரமாக இருந்தது.

"அரசப்பா, ஒன்னைப் பெத்தவ மவராசிடா!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள்.

அரசப்பன் தலையைச் சொறிந்தான். எதிர்வீட்டு ரெங்கம்மாளைப் பார்த்தான். ரெங்கம்மாள், "எனக்கு மறந்தே போச்சுக்கா, பொய் சொல்லக் கூடாது" என்றாள்.

எல்லாரும் கலைந்த பிறகு, வெயில் தாழும் நேரத்தில், வேலியில் முள் விலகும் சத்தம் கேட்டது. இடுப்பில் குடத்தோடு குனிந்து நுழைந்தவள் ராமாயி. குடத்தின் அடியில் ஆற்று மணல் ஒட்டியிருந்தது. கண்ணாத்தாளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். கீழிமை வெளுத்துப் போயிருந்தது. உடம்பில் ரத்தமில்லை என்று பார்த்த உடனே தெரிந்தது.

"வந்துட்டீங்களா பெரியம்மா? தப்புச் சத்தம் கேட்டுது. யாருக்கோன்னு நெனச்சேன்."

"இந்தத் தண்ணி எங்கேருந்துடி?"

"ஆத்துலேருந்துதான். ஊத்துத் தோண்டி வெச்சிருக்கேன். ஊற நேரமாவுது. மொதக் கொடம் மாமியாளுக்கு, அப்பறம் ஒலைக்கு, மிச்சம் இங்க."

அடிபம்பு கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதைத் தடுத்தது தன் வாய்தான் என்பது கண்ணாத்தாளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். திட்டுவதற்குத்தான் வார்த்தை வந்தது.

"எவ ஒன்ன ஊத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல. பறிச்சுத் தின்னோம் பெரியம்மா. தெருவுல ஒரு பொருளும் யாரும் குடுக்கல. ஒங்க கத்தரிக்காயிலதான் கொழம்பு. சும்மாத் திங்க மனசு வரல, ஊத்துனேன்."

சொல்லிவிட்டுக் குடத்தை வாழையடியில் சாய்த்தாள். கண்ணாத்தாள் மாலையைக் கழற்றி வேலியில் மாட்டினாள். கழுத்து அரித்தது. முறத்தை எடுத்துவந்து கத்தரிக்காயைப் பறித்தாள். பிஞ்சு, முற்றல் என்று பார்க்கவில்லை. முறம் நிரம்புவதற்குள் ராமாயி வேலியைத் தாண்டிவிட்டாள்; கண்ணாத்தாள் முறத்தை வேலிச் சந்தில் நீட்டினாள்.

"இந்தா புள்ள, வாங்கிக்க. சீக்கிரம்."

ராமாயி கையை நீட்டவில்லை.

"கொல்லப் பக்கமா நீட்டுறீங்களே பெரியம்மா."

"முன்னால வந்தா நாலு பேரு பாப்பாங்கடி."

"அன்னிக்கும் நாலு பேரு பாத்தாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, முள்ளைத் தன் பக்கமிருந்து இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டாள். முறம் கண்ணாத்தாளின் கையிலேயே கனத்தது. அன்றைக்கு அவள் அடுப்பு மூட்டவில்லை. பந்தலுக்குக் கீழே உட்கார்ந்தே இருந்தாள். அவள் உட்கார்ந்து தெருவில் யாரும் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்து, அடிபம்பில் பெண்கள் குடம் வைத்து வரிசை பிடித்திருந்த நேரம். அரசப்பன் வேப்பங்குச்சியோடு தெருவில் நின்றான். கண்ணாத்தாள் ஒரு வறட்டியை எடுத்துக்கொண்டு தன் வாசலை விட்டு இறங்கினாள். நேராகத் தங்கையன் வீட்டு வாசலில் போய், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றாள்.

"ராமாயி! கொஞ்சம் நெருப்பு குடுடி!"

அடிபம்பின் சத்தம் நின்றது. ராமாயி கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. கண்ணாத்தாள் நகரவில்லை. கடைசியில் கொட்டாங்கச்சியில் இரண்டு தணலோடு வந்து வறட்டியின்மேல் வைத்தாள்.

அரசப்பன் குச்சியை வாயிலிருந்து எடுத்தான். "யக்கா, தீப்பெட்டி இல்லியா?"

"இருக்கு" என்றாள் கண்ணாத்தாள். வறட்டியை முகத்துக்கு நேரே தூக்கி, புகை கிளம்பும்வரை அந்த வாசலிலேயே நின்று ஊதினாள்.