அம்மா பார்க்கணும்

ஸ்க்ரம் என்னும் வேலைமுறைப் பயிற்சியிலிருந்து நான் கோபித்துக்கொண்டு வெளியேறியதாகத் திண்டிவனத்தில் பேசுகிறார்கள். அது தவறு.

என் கணவருக்குப் பின் எங்கள் அச்சகத்தை நடத்துகிறேன். நேற்று ஊழியர்களுக்கு அந்த முறையைக் கற்றுத்தர ஒருவரை நான்தான் அழைத்தேன். நடக்கும் வேலைகளைச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். பிறகு, தினமும் அங்கே நின்று வேலைக்கு எது தடை என்று சொல்ல வேண்டும் என்றார்.

முதலாளி முன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

"சொல்லுங்க செல்வி," என்றார் பயிற்சியாளர்.

"இன்னா சார் சொல்றது? சீட்டைப் படிங்க. எல்லாம் அம்மா கையெழுத்துக்குத்தான் காத்துக்கினு இருக்குது."

படித்தேன். ஒவ்வொன்றிலும் 'அம்மா பார்க்கணும்' என்றிருந்தது.

அவர்கள் பேசட்டும் என்றுதான் வெளியே வந்தேன். கதவைச் சாத்தியதுமே பேச்சு தொடங்கிவிட்டது.

ஊழியர்களே, எந்தெந்த வேலைக்கு என் கையெழுத்து தேவையில்லை? நீங்கள் எழுதுவதில் பிழை இருந்தாலும் திருத்த மாட்டேன். இந்த அறிவிப்பின் கீழேயே எழுதுங்கள்.