சோபனாவின் ஐந்தாவது மெயில்

மெயில் எதைப் பற்றியதாக இருந்தாலும் கடைசி வரி ஒன்றுதான். ‘ஆங்ஷியஸ்லி அவெய்ட்டிங் யுவர் ரிப்ளை.’ உங்கள் பதிலைக் கவலையோடு எதிர்பார்த்திருக்கிறோம். அட்டைப்பெட்டியில் ஒட்டும் லேபிளின் அளவைக் கேட்டாலும் கவலை. பார்சல் நம்பரைச் சொன்னாலும் கவலை. போன புத்தாண்டுக்கு வாழ்த்து அனுப்பியபோதுகூடக் கம்பெனி கவலையோடுதான் இருந்தது. பதினோரு வருஷமாக அந்த வரியைத் தட்டச்சு செய்பவள் சோபனா.

பி.காம். முடித்த கையோடு ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் சேர்ந்தாள். இடையில் கல்யாணம் ஆனது, ஒரு பெண் பிறந்தாள், ஜாகை பேரணாம்பட்டுக்கு மாறியது. ஏழு இருபது பஸ் மாறவில்லை. மேஜையும் மாறவில்லை. அவள் பின்னால் உள்ள அலமாரியில் இருப்பதெல்லாம் இடது கால் ஷூக்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு ஜோடி சாம்பிள் செய்து, வலது காலை வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். அங்கே பார்த்துச் சரியென்று எழுதினால்தான் இங்கே தோலில் கத்தி வைக்கலாம். அதுவரை இடது கால் அவள் முதுகுக்குப் பின்னால் காத்திருக்கும்.

அந்த ‘ஆங்ஷியஸ்லி’ ஏற்றுமதி மேனேஜர் கோதண்டராமனுடையது. டெலக்ஸ் காலத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு, சிக்கனமாகத்தான் செலவழிக்க வேண்டியிருந்தது. ஒரு ஜெர்மன்காரர் மூன்று வாரமாகப் பதில் சொல்லாமல் இருந்தார். கோதண்டராமன் யோசித்து ஒரே ஒரு வார்த்தையைக் கூடுதலாகப் போட்டார். மறுநாள் காலையில் பதில் வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வார்த்தையை அவர் கைவிடவில்லை. ஜெர்மன்காரர் அந்த மூன்று வாரமும் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பது பிறகு தெரியவந்தது. அதைக் கோதண்டராமன் பொருட்படுத்தவில்லை.

இந்த வாரம் ஹாலந்து ஆர்டர். பழுப்பு நிறத் தோல். தோலின் நிறம் முதல் சாம்பிளைவிட ஒரு சாயல் கூடிவிட்டது. அந்தத் தோலில் செய்த புது வலது கால் போன வாரமே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆன்னக்கே என்ற பெண் பார்த்துச் சொல்ல வேண்டும். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று நாலு மெயில் போயிற்று. நாலிலும் அந்தக் கடைசி வரி. ஒன்றுக்கும் பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வஜீதா மூன்றாவது தடவையாக வந்தாள். மூன்றாம் தையல் லைனின் சூப்பர்வைசர்.

“இன்னாமா, வந்துச்சா?”

“இல்லக்கா.”

“நாப்பத்திரெண்டு பொண்ணுங்க கைய மடியில வெச்சிட்டு உக்காந்திருக்குதுங்க. ஒண்ணு எனக்கு ஜோசியம் பாக்கறேங்குது. சாயங்காலத்துக்குள்ள வரலன்னா நாளையிலிருந்து லைன மூடுன்னு ஆர்டர் வந்துடுச்சு. தெரியுமா உனக்கு?”

“தெரியும்க்கா.”

“போன வருசம் பத்து நாள் மூடினாங்க. பதினோரு பேர் திரும்ப வரல. பாதிப் பேர் பீடி சுத்தப் போய்ட்டாங்க. நல்ல கை எல்லாம். இப்போ மறுபடியும்னா நான் எங்கேர்ந்து ஆள் புடிப்பேன்? பேஜாரா இருக்கு. போன் போட்டுக் கேளேன்.”

“சார் விடமாட்டாரு.”

“உங்க சாரை மெஷின்ல உக்கார வெச்சு ஒரு நாள் தெக்கச் சொல்லணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சோபனா கோதண்டராமன் அறைக்குப் போனாள்.

“சார், ஒரு போன் பண்ணிடலாம் சார்.”

“போன் பண்ணா கெஞ்சற மாதிரி இருக்கும்மா.”

“மெயில்ல மட்டும் என்ன சார் பண்றோம்?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அது கெஞ்சல் இல்லம்மா. அது ஒரு மரியாதை. இன்னொரு மெயில் போடு. அதே வரி. மறந்துடாத.”

“மறக்க முடியாது சார்.”

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். ஆற்காட்டில் யாரோ சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிப் போனார். போகும்போதும் வாசலிலிருந்து, “அதே வரி” என்றார்.

நம் நேரம் பன்னிரண்டரைக்கு ஹாலந்தில் ஆபீஸ் திறக்கும். வெள்ளிக்கிழமை அவர்கள் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள். சோபனா மெயிலைத் திறந்தாள். பழைய நாலில் ஒன்றை அப்படியே எடுத்துத் தேதியை மாற்றினால் போதும், ஒரு நிமிஷ வேலை. விரல் கடைசி வரியில் வந்து நின்றது. பதினோரு வருஷமாக இந்த வரியை எழுதுகிறாள். ஒரு நாள்கூட அவளுக்கு நிஜமாகக் கவலை இருந்ததில்லை. லேபிளுக்கு யார் கவலைப்படுவார்கள்? இன்று கவலை இருக்கிறது. சொல்ல அவளிடம் இருந்த ஒரே வார்த்தையோ நைந்து கிடக்கிறது.

எரிச்சலோடு எல்லாவற்றையும் அழித்தாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நாலே வரி எழுதினாள். ‘வலது கால் ஷூ உங்கள் மேஜையில் இருக்கிறது. நிறம் சரியா, இல்லையா? இங்கே நாற்பத்திரண்டு பெண்கள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று நீங்கள் பதில் சொல்லாவிட்டால் நாளை அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.’ கீழே தன் பெயர்.

எந்த மெயிலும் கோதண்டராமனுக்கு நகல் போகாமல் வெளியே போகக்கூடாது. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் தயங்கினாள். பிறகு அவர் பெயரையும் போட்டு அனுப்பினாள். ஆனது ஆகட்டும்.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சைச் சாதம் பாதி இருக்கும்போதே பதில் வந்துவிட்டது.

‘நிறம் சரி. வெட்டலாம். தாமதத்துக்கு வருந்துகிறேன். சோபனா, ஒன்று கேட்கலாமா? உங்கள் கம்பெனியிலிருந்து வரும் எல்லா மெயிலிலும் நீங்கள் கவலையோடு இருப்பதாக எழுதியிருக்கிறது. முதலில் பயந்துபோனேன். பிறகு அந்த வார்த்தை உள்ள மெயில்களெல்லாம் தானாகவே வேறொரு ஃபோல்டருக்குப் போகும்படி செய்துவிட்டேன். நேரம் கிடைக்கும்போது திறப்பேன். இது மட்டும் நேராக வந்தது. அங்கே ஏதாவது பிரச்சனையா?’

சோபனா இரண்டு தடவை படித்தாள். நாலு நாளாக நாலு மெயிலும் அந்த ஃபோல்டரில்தான் கிடந்திருக்கின்றன. கை கழுவாமலே எழுந்து மூன்றாம் லைனுக்கு ஓடினாள். வஜீதா அவள் முகத்தைப் பார்த்ததும் கட்டிங் பக்கம் திரும்பி, “போடுங்கய்யா!” என்று கத்தினாள். பிறகு, “கையில சோறு” என்றாள்.

நாலு மணிக்குக் கோதண்டராமன் வந்தார். போனிலேயே பார்த்துவிட்டிருந்தார். முதல் வரியை மட்டும்.

“பாத்தியா? நாலு தரம் போட்டோம். அஞ்சாவதுக்கு வேலை செஞ்சிடுச்சு.”

“சார், கீழ படிங்க சார்.”

“கீழ இன்னா?”

அவளே படித்துத் தமிழில் சொன்னாள், ஒரு வரி விடாமல். அவர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மூடினார். முப்பத்தெட்டு வருஷமாக அவர் நம்பிய வார்த்தை. சோபனாவுக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது.

“அப்போ அந்த வார்த்தைக்கு அவ்ளோ வேகம் பத்தல” என்றார்.

“சார்?”

“திங்கக்கிழமை அடிப்பாகம் சாம்பிள் போகுதில்ல? ‘வெரி ஆங்ஷியஸ்லி’ன்னு போடு.”

அவள் வெளியே வந்தாள். இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பத்திரண்டு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. அடிப்பாகத்துக்கு ஒப்புதல் வராவிட்டால் அடுத்த வியாழக்கிழமை அவை மறுபடியும் நிற்கும்.

திங்கட்கிழமை அவர் சொன்னபடியே எழுதி, அவருக்கு நகல் போட்டு அனுப்பினாள். அது எங்கே போய் விழும் என்று அவளுக்குத் தெரியும். பிறகு இன்னொரு மெயிலைத் திறந்தாள். நகல் போடும் இடத்தைக் காலியாக விட்டாள். ‘ஆன்னக்கே, அடிப்பாகம் வைத்த வலது கால் புதன்கிழமை வந்து சேரும். பார்த்ததும் சொல்லுங்கள்.’