புளி காய்ந்த குடை

ஜவ்வாது மலையில் இன்று ஒரு வீட்டில் டிவி தெரிகிறது என்றால் அதில் என் கை இருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைக்காகவே சொன்னாலும் தப்பில்லை. கரடி நடமாடுகிற சரிவில் மூங்கில் கம்பம் நட்டுக் கேபிள் இழுத்தவன் நான். குரங்கு கடித்துப் போட்ட ஒயரை மழையில் நனைந்தபடியே ஒட்டுப் போட்டவன் நான். இடி விழுந்து மிஷின் எல்லாம் கருகிப் போனபோது, இவன் இதோடு முடிந்தான் என்று சொன்னவர்களின் வீட்டுக்குத்தான் முதலில் லைன் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் எட்டாவதைத் தாண்டவில்லை. ஆனால் அனலாக் எல்லாம் நிறுத்து, இனிமேல் டிஜிட்டல்தான் என்று உத்தரவு வந்தபோது, மலைக்கு மட்டும் ஆகாது என்று எனக்கு சிக்னல் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனிக்காரர்கள் கைவிரித்தார்களே, அன்றைக்கே அவர்களை விட்டு வேறு கம்பெனிக்கு மாறினேன். வீட்டுக்கு வீடு பெட்டி வைத்தேன். ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று கண் மங்கியவர்களுக்கும் விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தேன். அனலாக்கில் படம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும்; டிஜிட்டலில் வந்தால் கண்ணாடி, போனால் ஒரே இருட்டு. இந்த வித்தியாசத்தை இந்த மலைக்கு விளக்கிச் சொன்னவன் நான்தான்.

இந்தத் தொழிலின் முதல் பாடம் எனக்கு அரைக்கால் சட்டைக் காலத்தில் கிடைத்தது. கொடுத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் குடியிருப்பிலிருந்து முதலில் இறங்கிப் போய், கீழே சந்தவாசலில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப்பையில் பேனா மாதிரி செருகியிருப்பார். அவரைப் போல ஒரு மனிதன் ஆக வேண்டும் என்று நான் முடிவு செய்தது அந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துத்தான்.

அப்போது எங்கள் ஊர்ப் பொதுக்கட்டடத்தில் ஒரு டிவி இருந்தது. பலா மரத்தின் உச்சியில் ஆன்டெனா. நாலு பக்கமும் மலை. சிக்னல் எதில் எதிலோ மோதிவிட்டு வந்து சேரும். செய்தி வாசிப்பவருக்கு மூன்று தலை தெரியும். எந்தத் தலை பேசுகிறது என்று பெரியவர்கள் வாதம் செய்வார்கள். காற்றடித்தால் ஒருவர் மரத்தில் ஏறித் திருப்ப வேண்டும். மரமேறத் தெரியாத வீட்டுக்காரர்களுக்கு டிவி முன்னால் உட்கார்ந்து அதிகாரம் செய்கிற உரிமை கிடையாது என்றே ஒரு பேச்சு உண்டு.

மாமா ஒருநாள் கடையை விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு பெரிய டிஷ் வாங்கிக்கொண்டு மலையேறி வந்தார். துண்டு துண்டாகக் கழற்றி ஜீப்பில் வந்தது. ஜீப் நின்ற இடத்திலிருந்து ஆட்கள் தலையில் சுமந்து வந்தார்கள். பூட்டி நிமிர்த்தியதும் எல்லோரும் அதற்குக் குடை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முழுக்கக் கம்பி வலை. வானத்தைப் பார்த்துக் கிட்டத்தட்ட மல்லாந்து படுத்திருக்கும். நடுவில் மூன்று கம்பிக்கால்களின் மேல் ஒரு சின்னப் பெட்டி. “ஆன்டெனாவைத் தூக்கி எறிங்க. வூட்டுக்கு வூடு ஒயர் இழுத்து, வூட்டுக்கு வூடு படம் குடுக்குறேன்” என்றார் மாமா.

குடையை வைக்க மரம் மறைக்காத இடம் வேண்டும். ஊருக்கு மேலே ஒரு பெரிய வழுக்குப் பாறை உண்டு. புளியும் சாமையும் காயப்போடுகிற இடம் அது. அந்தப் பாறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு. கல் அடுக்கி எல்லை வைத்திருப்பார்கள். ஒருத்தி பங்கில் இன்னொருத்தி ஒரு சுளை புளி போட மாட்டாள். அடுத்த வீட்டுப் பெண்களிடம் போய்க் கேட்க மாமாவுக்குத் தயக்கம். அக்கா பங்குதானே என்று, அவளையும் ஒரு வார்த்தை கேட்காமல், நேராக எங்கள் பங்கில் குழி பறித்துக் கம்பத்தை நட்டுவிட்டார். அப்பாவும் கூட நின்று சிமென்ட் குழைத்தார்.

முதல் நாள் மாலையே படம் வந்தது. அப்பப்பா! செய்தி வாசிக்கிற அம்மாவுக்கு ஒரே ஒரு தலை. அந்தத் தலையில் வைத்திருந்த பூவைக்கூட எண்ணலாம் போலிருந்தது. அவ்வளவு பேரும் வாயைப் பிளந்தார்கள். ஆனாலும் நாட்டாமை லேசில் ஒப்புக்கொள்கிறவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சுற்று வட்டாரக் குடியிருப்புகளெல்லாம் வந்து பார்க்கட்டும் என்றார். எல்லோருக்கும் பிடித்தால் வீட்டுக்கு வீடு லைன். இல்லையென்றால் குடையைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். மாமா அதற்கு ஒப்புக்கொண்டதோடு நிற்கவில்லை. ஞாயிறு காலையில் தானே பலா மரத்தில் ஏறிப் பழைய ஆன்டெனாவையும் பிடுங்கிக் கீழே போட்டார். கீழே சந்தவாசலில் கடை இல்லை, மேலே மரத்தில் ஆன்டெனா இல்லை. அப்படி ஒரு நம்பிக்கை.

மதியம் சாய்வதற்குள் புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாமா தலையை வாரிக்கொண்டு வந்து டிவியைப் போட்டார். வெள்ளைப் புள்ளிகள் கொதித்தன. ஒரு ஆளும் இல்லை. மாமா ஒயரைப் பிடுங்கிச் செருகினார். டிவிப் பெட்டியைத் தட்டினார். சட்டைப்பையில் இருந்த ஸ்க்ரூ டிரைவர் வேலைக்கு வந்தது. பெட்டியின் வயிறு திறந்தது, மூடியது. புள்ளிகள் இன்னும் நன்றாகக் கொதித்தன.

“இன்னாபா இது,” என்றார் நாட்டாமை. “ஆன்டெனாவுல மழைல ஆளுங்க நனையற மாதிரியாவது தெரிஞ்சாங்க. உன் குடையில மழ மட்டுந்தான் இருக்குது. ஆளுங்கள எங்க வுட்ட?”

“குடை இருக்குதில்ல, ஆளுங்க அதுக்கு அடியில ஒதுங்கிட்டாங்க” என்றான் பின்னாலிருந்து ஒருத்தன். ஊரே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. பொழுது சாய்கிற வரைக்கும் பார்க்கலாம், அதற்கப்புறம் நீயே ஆன்டெனாவை மரத்தில் ஏற்றிவிட்டுக் கிளம்பு என்றார் நாட்டாமை.

மாமா பாறையை நோக்கி ஓடினார். நானும் ஓடினேன். போய்ப் பார்த்தால் குடை நிறையப் புளி. ஓடு உடைத்து, நார் எடுத்து, ஒரு சீராகப் பரப்பி, விளிம்பு வரைக்கும் புளி. பாரத்தில் குடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நடுவில் இருந்த சின்னப் பெட்டியின் மேல் அம்மாவின் பழைய முந்தானைத் துண்டு, காக்கை வராமலிருக்கக் கட்டியது. அடியில் காற்று, மேலே வெயில், மண் ஒட்டாத கம்பி வலை. புளி காய அதைவிடச் சொகுசான இடம் இந்த மலையில் அன்றைக்கு இல்லை என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

மாமா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அவர் குடையைக்கூட அதிக நேரம் பார்க்கவில்லை. சுற்றிலும் பாறையைப் பார்த்தார். எல்லா வீட்டுப் பங்கிலும் புளி காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பங்கில் மட்டும் சிமென்டும் கம்பமும். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆளுக்கு வெயிலில் தலை சுற்றிவிட்டதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. “மாமா!” என்று உலுக்கினேன்.

“மாப்ள, என் காலுக்கு இந்த வலை வளைஞ்சிரும். நீ ஏறு. கம்பி மேலயே கால் வையி” என்றார்.

ஏறினேன். வெயிலில் கம்பி அடுப்புக்கல் மாதிரி சுட்டது. இரண்டு கையாலும் புளியை வாரி வாரி மாமா பிடித்த சாக்கில் போட்டேன். வலைக்கண்ணில் ஒட்டியதை நகத்தால் சுரண்டி எடுத்தேன். துணியை அவிழ்த்தேன். உள்ளங்கால் கொப்பளித்தது. பெரியவர்கள் யாராவது அந்த வலையில் நின்றிருந்தால் குடை அன்றைக்கே தட்டையாகியிருக்கும். என் எடைக்குத்தான் அது தாங்கியது. அப்புறம் மாமா திருகாணியைத் தளர்த்திக் குடையை நிமிர்த்தினார். பாதி வழியில் அப்பா நின்று, கீழே டிவி முன்னால் நடப்பதை மேலே கத்தினார்.

“வந்துச்சா மாமா?” என்று கேட்டார் என் மாமா.

“வர்ல மச்சான்!”

“இப்போ?”

“கலரு வர்து, ஆளு வர்ல!”

“இப்போ?”

அப்பாவின் பதில் எங்களுக்குக் கேட்கவில்லை. கீழே ஊர் போட்ட கூச்சலில் அது அமுங்கிப் போனது.

மாமா சாக்கை ஒரு பாறை இடுக்கில் தள்ளிவிட்டு இறங்கினார். பொதுக்கட்டடத்துக்குள் எல்லா முகத்திலும் டிவி வெளிச்சம். பெண்கள் பக்கத்தில் அம்மாவும் வந்து நின்றிருந்தாள். நாட்டாமை திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: “இன்னாபா கோளாறு?”

எனக்கு வாய் துறுதுறுத்தது. கண்டுபிடித்தவன், கால் கொப்பளித்தவன் நான்தானே? “அது வந்து...” என்று ஆரம்பித்தேன். மாமா தோளில் கை போடுகிற மாதிரி போட்டு என் வாயில் ஒரு சுளைப் புளியைத் திணித்தார். புளிப்பில் கண் மூடிக்கொண்டது.

“நான் வெச்ச எடம் தப்புங்க” என்றார் மாமா. “நாளைக்கு மாத்திடறேன்.”

“நாளைக்கு எதுக்குடா? படம் முடிஞ்சதும் மாத்து” என்றாள் அம்மா.

பெண்கள் பக்கம் மொத்தமும் சிரித்தது. ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் சிரிக்கிற மாதிரி ஒன்றும் ஓடவில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டு, தானும் சிரித்தார். வீட்டுக்கு வீடு லைன் என்று நாட்டாமை அங்கேயே சொல்லிவிட்டார்.

மறைக்கிற மரக்கிளைகளை வெட்டிவிட்டு, குடை அந்த வாரமே பொதுக்கட்டடத்தின் மாடிக்கு மாறியது. பாறையில் நட்ட சிமென்டை மாமாவே உளி வைத்து உடைத்து, தேய்த்து, கழுவிவிட்டார். எனக்கு அப்போது அவர் மேல் கோபம். நன்றாகத் தெரிகிற இடத்தை விட்டுவிட்டு இப்படி வேலையற்ற வேலை செய்கிறாரே என்று. அதைவிட, அக்காவைக் காப்பாற்ற ஊருக்கு முன்னால் ஒரு பொய்யைச் சொல்லி, என் வெற்றியை என் வாயிலேயே அடைத்துவிட்டாரே என்று.

அது பொய் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது எவ்வளவோ பிற்பாடு. டிஜிட்டலுக்கு மாறியபோது, கம்பெனி அனுப்பிய படித்த பையன்கள் வானத்தையே பார்த்து இடம் குறித்தார்கள். நான் ஒரு வீட்டு முற்றத்தில் கம்பத்தை ஊன்றப் போன நேரம், அந்த வீட்டுப் பெண் தன் முறத்தை எடுத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள். சட்டென்று கையை எடுத்துவிட்டேன். “இங்க இன்னாம்மா காயப்போடுவ?” என்று கேட்டேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்துத்தான் என் மாமா அன்று பாறையில் எதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று எனக்கு விளங்கியது. பொதுக்கட்டடத்தில் சிரித்த பெண்கள் எல்லாருக்கும் அது அன்றே விளங்கியிருந்தது. அதற்கப்புறம் இந்த மலையில் நான் கேட்காமல் எந்த வாசலிலும் கம்பம் நடவில்லை. ஒரு வீடும் என்னை விட்டு வேறு லைனுக்குப் போகவில்லை.

பொதுக்கட்டடச் சுவரில், மலைக்கு டிவி வந்த கதையைக் கல்லில் வெட்டி வைக்கப் போகிறார்களாம். முதலில் மாமாவின் பெயர் வரட்டும். அந்த மாதிரி மனிதன் முன்னால் நிற்கத்தான் வேண்டும். யாருடைய பங்கில் அந்தக் குடை முதலில் நின்றது என்பதையும் எழுதட்டும். அதற்கு அடுத்து என் பெயர். அந்தச் சுடுகம்பியில் நின்று புளியை அள்ளியது நான். சின்ன எழுத்தில் வெட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.