எல்டர் முருகேசனுக்குக் கொடுத்த மல்லிக் கோப்பி

பொய் சொல்லி ஒரு பையனுக்குக் கோப்பி பருக்கினேன். அவன் மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபையின் ஊழியக்காரன். கோப்பியும் தேயிலையும் அவன் மார்க்கத்தில் விலக்கு. அது தெரிந்துதான் செய்தேன். வயது போன காலத்தில் செய்த சின்ன விளையாட்டு என்று சிலர் சொல்வார்கள். விளையாட்டு அல்ல, வன்மம்.

ஆங்கிலேயர் தலைநகரின் ஓரத்தில் இருக்கும் செவன் கிங்ஸில் எங்கள் தெருவுக்கு அவர்கள் போன குளிர்காலத்தில் வரத் தொடங்கினார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, நெஞ்சில் கறுப்புப் பெயரட்டை. ஒருவன் நெட்டையான அமெரிக்கன், மற்றவன் கோயம்புத்தூர்ப் பையன். இருவருக்கும் இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். அட்டையிலோ 'எல்டர்', அதாவது மூத்தவர், என்று போட்டிருந்தது. எழுபதைத் தாண்டிய என்னை இந்த நாட்டில் மூத்தவர் என்று ஒத்துக்கொண்டது இலவச பஸ் அட்டை மட்டுமே. கோயம்புத்தூர்ப் பையனின் அட்டையில் 'எல்டர் முருகேசன்' என்று இருந்தது. தகப்பன் பெயராம். நெஞ்சிலே முருகன், கையிலே வேறு வேதம். எனக்கு அதிலேயே எரிச்சல் தொடங்கிவிட்டது.

முதல்நாள் வேடிக்கை பார்க்கத்தான் உள்ளே விட்டேன். வீட்டை விட்டு இரண்டு வருடம் வந்திருக்கிறார்கள். விடிய ஆறரைக்கு எழும்பிப் படிப்பு, செபம், பிறகு பகல் முழுக்கத் தெருத்தெருவாக நடை. ஒருவர் கண்ணில் படாமல் மற்றவர் எங்கும் போகக்கூடாது. திங்கட்கிழமை உடுப்புத் தோய்க்கும் நாள். அன்றுதான் கோயம்புத்தூர்ப் பையன் தாயோடு போனில் கதைப்பான். கதவைத் திறப்பவர்களில் பாதிப்பேர் முகத்திலேயே அடித்துச் சாத்துவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னான். எதிர் வீட்டுக்காரி எங்கள் ஆள்தான். நாயை அவிழ்த்துவிடுவேன் என்று தமிழிலேயே சொன்னாளாம். "அந்தம்மா வீட்ல நாயே இல்லைங்க ஐயா" என்றான்.

நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன். "வேண்டாங்க ஐயா" என்று கையைக் கூப்பினான். இரண்டாம் முறை வந்தபோதும் அப்படித்தான். ஒரு வீட்டில் வாய் நனைக்காமல் எழும்பினால் யாழ்ப்பாணத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. நான் கணக்குப் படிப்பித்த காலத்தில் மாணவர் சிலரின் வீடுகளுக்குப் போயிருக்கிறேன். எங்கள் சாதியார் அந்த வீடுகளில் கைநனைப்பதில்லை. தாய்மார் கோப்பையை ஏந்திக்கொண்டு நிற்பார்கள். "இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவேன். அதே அவமானத்தை ஒரு பொடியன் என் வீட்டுக்குள் இருந்து எனக்குத் தருகிறான் என்று நினைத்தேன். அவன் காரணம் வேறு என்று மூளைக்கு விளங்கியது. நெஞ்சு கேட்கவில்லை.

மூன்றாம் முறை வந்தபோது அவனுக்குக் கடும் தடிமன். மூக்கு அடைத்து, குரல் கம்மியிருந்தது. ஈஸ்ட் ஹாமில் கடை வைத்திருக்கும் நடேசு அன்று என் வீட்டில் இருந்தார். எங்கள் வீட்டுத் தூளில் மல்லி, மிளகு, சுக்கோடு கோப்பிக்கொட்டையும் வறுபட்டு அரைபடும். அதைக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சி, ஆவி பறக்கக் கொண்டுவந்தேன்.

"காப்பித்தூள் ஏதும் சேர்த்திருக்கீங்களா ஐயா?"

"ஒரு சொட்டும் இல்லை மோனை. வெறும் மல்லியும் சுக்கும். மருந்து. குடி."

அமெரிக்கன் தன் கோப்பையைத் தொடவில்லை. இவன் மட்டும் என் முகத்தைப் பார்த்தான், நம்பினான், கடைசிவரை குடித்தான். "தொண்டைக்கு எதமா இருக்குதுங்க" என்று சொல்லிக் கோப்பையை வைத்தான். அப்போதுதான் சொன்னேன்: "அது கோப்பிதான். குடிச்சாச்சு. இனி நீயும் எங்கடை ஆள்."

நடேசு தொடையில் அடித்துச் சிரித்தார். "மாஸ்டர், உங்கடை கோப்பிக்கு முன்னாலை அவங்கடை வேதம் நிக்க ஏலுமே!"

பையன் கோபிக்கவில்லை. அட்டையில் இருந்த பெயரை விரலால் தொட்டான். "எங்கப்பாதாங்க தெனமும் காலைல காப்பி போடுவாரு. நான் இதுல சேர்ந்தப்புறம் அவரு கையால குடுத்ததையே குடிக்கலைங்க ஐயா. அதுல இருந்து எங்கூடப் பேசறதில்லை. நாலு வருசமாச்சு." எழுந்து அமெரிக்கனைப் பார்த்தான். இருவரும் போய்விட்டார்கள். ஜன்னலால் பார்த்தேன். பக்கத்து வீட்டு வேலியோரம் குனிந்து நின்றான். அமெரிக்கன் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான்.

அந்தக் குனிவு எனக்குத் தெரிந்த குனிவு. அகதியாக வந்த முதல் வருடம், 'பை' என்ற உள்ளே அடைத்த பணியாரம் சுடும் பேக்கரி ஒன்றில் ஷிப்ட் வேலை. நான் சைவம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் மேற்பார்வையாளன் சூடான பை ஒன்றை நீட்டி, சீஸும் வெங்காயமும் என்றான். தின்று முடித்தபின் மாட்டிறைச்சி என்றான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். "இனி நீயும் எங்களில் ஒருவன்" என்று தோளில் தட்டினான். பின்கட்டுக் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே நான் குனிந்து நின்றேன். அந்த வசனத்தை அத்தனை வருடம் எனக்குள் வைத்திருந்து, தமிழாக்கி, அந்தப் பையன் தலையில் இறக்கியிருக்கிறேன்.

கதை பரவியது. கோயில் அன்னதான மண்டபத்தில் நடேசு அதை நடித்தே காட்டினார். நான் எழும்பி, "நான் பொய் சொன்னனான். அது பிழை" என்றேன். பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: "மாஸ்டர் வேதத்திலை சேரப் போறார் போலை. கோப்பியையும் விட்டிட்டாரோ?" அன்றிலிருந்து கோயிலில் என் பக்கத்துக் கதிரையில் இருக்க ஆட்கள் யோசிக்கிறார்கள்.

அவனைத் தேடி ஒரு ஞாயிறு அவர்களுடைய ஆலயத்துக்குப் போனேன். வாசலில் ஓர் ஆங்கிலேய அம்மா இரு கையாலும் என் கையைப் பிடித்தார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் என்றேன். "நாங்கள் எல்லோரும் அதற்குத்தானே வருகிறோம்" என்று முன்வரிசையில் இருத்திப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் தந்தார். கடவுளிடம் அல்ல, எல்டர் முருகேசனிடம் என்று விளங்கவைப்பதற்குள் இரண்டு பாட்டு முடிந்துவிட்டது. அவனை மிச்சம் என்ற ஊர்ப்பக்கம் மாற்றிவிட்டார்களாம். தங்கள் சபையில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுவது வழக்கம்தான் என்றார். என் போன் நம்பரை அவனிடம் சேர்ப்பித்தார்.

அவனே அழைத்தான். திங்கட்கிழமை, உடுப்புத் தோய்க்கும் கடைக்கு வரச் சொன்னான். வெறும் மல்லியை வறுத்து, புதிதாக வாங்கிய கிரைண்டரில் அரைத்து, சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சி, பிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு ரயிலும் டிராமும் மாறிப் போனேன். புதுத் துணையாளன் ஒருவன் மூலையில் இருந்து சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். "அன்னைக்கே மன்னிச்சுட்டேங்க ஐயா. தெரியாமக் குடிச்சது பாவமில்லைன்னு எங்க சபைல சொன்னாங்க. அப்பாகிட்ட சொல்லச் சொல்லி அம்மாகிட்ட சொன்னேன். சொன்னாங்களாம்."

"என்ன சொன்னவர்?"

"'கண்டவன் குடுத்தாக் குடிப்பானா'ன்னு எந்திரிச்சுப் போயிட்டாராம்."

பிளாஸ்க் மூடியில் ஊற்றி நீட்டினேன். "இது வெறும் மல்லி, மோனை. சத்தியமா."

மூடியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். இரண்டு கையையும் கூப்பினான். "தப்பா நெனைக்காதீங்க ஐயா. உங்க மேல கோவம் இல்லை. இப்பெல்லாம் யார் வீட்டுதும் குடிக்கறதில்லைங்க." பையில் இருந்து தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து, எனக்காகத்தான் என்று நினைக்கிறேன், ஒரு மிடறு குடித்தான்.

கையில் மூடியோடு நின்றேன். எதிரே மெஷினின் வட்டக் கண்ணாடியில் வெள்ளைச் சட்டைகள் சுழன்றன. அவற்றின்மேல், கோப்பை ஏந்தி நிற்கும் ஒரு முகம் தெரிந்தது. ஊரில் எத்தனையோ வாசல்களில் அந்த முகத்தைப் பார்க்காமல் படியிறங்கி வந்திருக்கிறேன்.