இடது பக்கச் சட்டம்

வெல்டருக்குக் காது போய்விட்டதாம். உதிரிபாகக் கடையில் பேசிக்கொண்டதைப் பெயிண்டர் வீட்டுக்குக் கொண்டுபோக, அவர் மனைவி அதை வெல்டரின் மனைவி காதில் போட்டுவிட்டாள். இவள் நாலு நாள் வயிற்றுக்குள் வைத்துப் புழுங்கிவிட்டு, ஒரு மத்தியானம் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்த இடத்தில் கொட்டிவிட்டாள்.

"பெயிண்டரா சொன்னான்? ரெண்டு கதவுக்கு ரெண்டு சிவப்பு அடிக்கிறவன்! அவன் கண்ணை யாராவது பாத்தாங்களா?" என்று வெல்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவர் பிழைப்பே காதில்தான் இருந்தது. பழைய வண்டிக்கு அடியில் படுத்து, இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். கிண்ணென்றால் நல்ல இரும்பு; பொத்தென்றால் உள்ளே துரு. மற்றவர்கள் சுரண்டிப் பார்த்துத் தவிக்கும் இடத்தில் இவர் தட்டிவிட்டு எழுந்துவிடுவார். அந்தக் காதுக்குப் பக்கத்தில்தான் இத்தனை வருஷமும் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் அலறியது.

அன்று காலையில்தான் பல் டாக்டரம்மா வண்டியை எடுத்துப்போயிருந்தார். அவர் அப்பா விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கை. கூரை இல்லாத வண்டிக்கு உயிர் அடிச்சட்டத்தில்தான். வலது சட்டம் கையால் பிய்த்தாலே உதிர்ந்தது. வெல்டர் கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்துப் பற்றவைத்து, வண்டி தொய்யாமல் நிறுத்திக்கொண்டு, வெட்டி எடுத்துப் புதுத் தகடு போட்டார். இடது பக்கம் கெட்டியான தார்ப்பூச்சு. அதைச் சுரண்டவில்லை. தட்டிப் பார்த்தார், போதும் என்றார்.

"அது சரி, அந்த இடது பக்கத்தை ஏன் வெட்டாம விட்டீங்க?" என்றாள், பாத்திரத்தை மூடிக்கொண்டே.

"அது நல்ல இரும்பு."

"நல்ல இரும்பா? நீங்க தட்டினப்போ நான் இங்கதானே நின்னேன். ஈர மண்ணுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறமா வெட்டுவீங்கன்னு நினைச்சேன்."

வெல்டர் கை கழுவவில்லை. வெட்டிப்போட்ட துருத் துண்டையும் புதுத் தகட்டில் மிச்சமானதையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். சுத்தியலை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"தட்டு."

தட்டினாள்.

"நல்லது," என்றார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். "இன்னொண்ணைத் தட்டு."

"தட்டிட்டேங்க."

திரும்பினார். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"எப்பத் தட்டினே?"

அவள் சுத்தியலைத் தரையில் வைத்தாள். அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை அந்த இடது சட்டத்தில்தான் மாட்டியிருக்கிறது. டாக்டரம்மா மகளையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே மலைப்பாதையில் ஒரு சுற்றுப் போகப்போவதாகச் சொல்லியிருந்தார். 'பயப்படாம ஓட்டுங்கம்மா, நான் இருக்கேன்' என்று வாயாரச் சொல்லி அனுப்பியவர் இவர்தான்.

"இப்போ சொன்னா, ஊர் சொன்னது நிஜம்னு ஆயிடும்ல?" என்றாள் அவள், தயங்கித் தயங்கி. "இனிமே யாருங்க வண்டி கொண்டுவருவாங்க?"

"கொண்டுவர வேணாம்."

போனை எடுத்து எண்ணை அழுத்தினார். காதருகே கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தி அவளிடம் நீட்டினார்.

"வண்டியை ஓரம் கட்டச் சொல்லு. நான் பாத்தது தப்புன்னு சொல்லு. அப்படியே சொல்லு."

அவள் காதில் வைத்துக்கொண்டாள். வெல்டர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்தாங்களா?"

"அடிக்குதுங்க," என்றாள். சற்றுப் பொறுத்து, "இன்னும் அடிச்சிட்டுத்தான் இருக்கு."