அசையாமல் நின்ற லயம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்தில் ஒரு வண்டுக்காகக் கறிக்குழம்பு நின்றது.

சிரிக்காதீர்கள். தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை நிறுத்துவது என்ன லேசான காரியமா?

பூச்சி, வண்டுகளைப் படம் எடுப்பது என் வேலை என்று முன்பே இங்கே எழுதியிருக்கிறேன். கல்லூரி ஒன்றின் பூச்சிச் சேகரிப்புக்காக எடுக்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். "மகன் என்ன வேலை பாக்கான்?" என்று யாராவது கேட்டால், அம்மா "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

இந்த முறை சின்னக்கானலில் கிடைத்தது அரிசி மணி அளவில் ஒரு வண்டு. ஒன்றே ஒன்று. போன தடவை அனுப்பியது ஜீப் குலுக்கலில் கால் உடைந்து போய்ச் சேர்ந்ததால், கல்லூரி மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "முதல்ல அங்கேயே படம் எடு. அப்புறம் அனுப்பு. படம் சரியா வரலைன்னா கருவியும் திங்கட்கிழமை திரும்பி வந்துரணும்."

கருவி என்றால்... கேமரா, ஒரு மேக்ரோ லென்ஸ், அடியில் ஒரு குட்டித் தண்டவாளம். லென்ஸை வண்டுக்கு அவ்வளவு பக்கத்தில் கொண்டுபோனால் மூக்கு தெளிவாக இருக்கும், முதுகு மங்கிவிடும். அதனால் கேமராவை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி நூற்றுக்கும் மேல் படம் எடுத்து, எல்லாவற்றிலும் தெளிவான இடங்களைச் சேர்த்து ஒரே படமாக்க வேண்டும். நடுவில் ஏதாவது ஆடினால்? முதலிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி ஓடாது, அதிர்வு இருக்காது என்று அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். பேப்பர் டீ கப்பை வெட்டி, வெளிச்சம் பளிச்சென்று தெறிக்காதபடி வண்டைச் சுற்றி வைத்தேன். பட்டனைத் தட்டினேன்.

டம்... டம்... டம்...

பக்கத்து வீட்டில் மசாலா இடிக்கிறார்கள். அடுத்த வீட்டில். அதற்கும் அடுத்த வீட்டில்! வரிசையாக ஒட்டிக்கட்டிய வீடுகள், ஒரே தரை. இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு ஞாயிறு என்றால் உரல் என்பது எப்படி மறந்தது? லேப்டாப்பில் வண்டுக்கு ஏழெட்டு மூக்கு.

மறுபடி எடுத்தேன். மறுபடி டம். பக்கத்து வீட்டு முத்துலட்சுமி அத்தையிடம் ஓடினேன்.

"ஏய்யா படிச்ச மகராசா, ஆறு நாள் கொழுந்து பறிச்சிட்டு ஒரு நாள் கறி திங்கோம். அதுக்கும் உன் பூச்சிகிட்ட பெர்மிஷன் வாங்கணுமோ?"

"இன்னிக்கு எடுக்கலைன்னா கேமராவைத் திருப்பி வாங்கிருவாங்க அத்தை."

என் பின்னால் வந்த அம்மா இதைக் கேட்டார். என்னைப் பார்த்தார். பிறகு முற்றத்தில் இறங்கி, மலைச்சரிவில் ஆள் கூப்பிடும் குரலை எடுத்தார்:

"எல்லாரும் உலக்கையைக் கீழ வைங்க! எம்புள்ள வண்டுக்கு போட்டோ எடுக்கான்!"

கம்ப்யூட்டர் அன்றோடு போயிற்று.

லயமே நின்றது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு செல்வம் மாமா நின்றார். குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் ஒரு அக்கா. உள்ளே கேமரா மட்டும் க்ளிக்... க்ளிக்...

ஜன்னலில் கிசுகிசுப்பு. அத்தைதான். "மூச்சு விடலாமாய்யா?"

"விடலாம் அத்தை. நடக்கத்தான் கூடாது."

கல்யாண போட்டோவுக்குக்கூட எங்கள் ஆட்கள் இப்படி நின்றதில்லை. அத்தனை பேர் அசையாமல் நின்ற படத்தில் விழுந்தது ஒரே ஆள். அதுவும் செத்த ஆள்!

படங்கள் ஒன்றாகச் சேர்ந்து லேப்டாப்பில் வண்டு வந்தபோது எல்லாரும் முண்டியடித்து எட்டிப் பார்த்தார்கள். வெறும் கண்ணுக்குச் சாம்பல் நிறத் தூசி. திரையிலோ உடம்பெல்லாம் பச்சைச் செதில்... ஓரத்தில் தங்கம்... பட்டுப்புடவை தோற்றது.

"இதையாடா நான் தினம் கொழுந்துல விரலால நசுக்குதேன்?" என்றார் அம்மா.

"கலர் நீ போட்டதுதான?" என்றார் அத்தை.

"இல்லத்தை, அதோட கலரே அதுதான்."

அத்தை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

நம் கண்ணுக்குச் சிறியதாக இருப்பதால் ஒன்று சாதாரணமாகிவிடுமா? பக்கத்தில் போய், ஆடாமல், கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பூச்சிக்கு மட்டும் சொல்லவில்லை.

படம் பார்த்து மேடம் போன் செய்தார். கருவி இன்னும் கொஞ்ச நாள் என்னிடமே இருக்கட்டுமாம். செய்தி லயத்தில் பரவிய மறுநாளே வாசலில் தீப்பெட்டிகள் வரிசையாக வர ஆரம்பித்துவிட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சி.

முத்துலட்சுமி அத்தை கொண்டுவந்தது கரப்பான்பூச்சி. "இதுக்கும் அந்தப் பச்சைக் கலரையே போட்ருய்யா!"